உப்பில்லாத கரை

மேலூர் பஸ்ஸில் ஏறி
கடைசி நிறுத்தத்தில் இறங்கி
பிறகும் மூன்று கிலோமீட்டர்
கரைமேலேயே நடந்தால் எங்கள் வீடு.
விலாசம் கேட்பவர்களுக்கு
நாலாம் மடை என்று சொல்கிறேன்.
தபால்காரர் இதுவரை வந்ததில்லை.

ஹாலோபிளாக் சுவர் நாலு,
மேலே தகரம்,
தகரம் பறக்காமலிருக்க
ஏழு கல், ஒரு பழைய டயர்.
கதவு மட்டும் நல்ல கதவு.
திருமங்கலத்தில் இடித்த
கல்யாண மண்டபத்தினுடையது,
வாழைமரம் செதுக்கியது.
திறந்தால் தண்ணீர்.
அதாவது, ஐப்பசியிலிருந்து மாசி வரை தண்ணீர்.
மற்ற மாதங்களில்
வெடித்த களிமண்ணும் ஆடும்.

நான் மூக்கையூர்க்காரி.
கடலில் பிறந்தவளைக்
கண்மாய்க்குக் கட்டிக்கொடுத்தோம் என்று
அண்ணன் பவுல்தாஸ் இன்னும் சிரிக்கிறான்.
யாரும் கட்டிக்கொடுக்கவில்லை, நானாகத்தான் வந்தேன்.
சாயல்குடி ஐஸ் கம்பெனியில்
லாரிக்கு ஐஸ் அள்ளிக்கொண்டிருந்தவன்
'எங்க ஊர்லயும் கரை இருக்கு' என்றான்.
ஆண்டிச்சாமி பொய் சொல்லவில்லை.
கரைதான் இருந்தது.

மீன் குத்தகை எடுத்தவர் மதுரையில் இருக்கிறார்.
காவலுக்கு நாங்கள்.
தெர்மாகோல் அட்டைகளை உரச்சாக்கில் தைத்து
அதன்மேல் குந்திப் போகிறான் வலை பார்க்க.
எங்கள் ஊர் வள்ளங்கள் பார்த்தால்
கவிழ்ந்து கிடந்து சிரிக்கும்.
கட்லா, ரோகு, எப்போதாவது
யாரும் விடாமல் தானே வந்த விரால்.
முதல் கோடையில்
சிப்பி கிடைக்குமென்று சேற்றில் அலைந்தேன்.
நத்தை ஓடுதான், ஒரு படி.
காதில் வைத்துப் பார்த்தேன்,
ஒன்றும் கேட்கவில்லை. எறும்பு கடித்தது.

தூக்கமும் பிடிக்கவில்லை அந்த வருஷம்.
இரைச்சலே இல்லாத தண்ணீருக்குப் பக்கத்தில்
எப்படித் தூங்குவது,
கோபித்துக்கொண்டவர் பக்கத்தில் படுத்த மாதிரி.
ஆடியில் காற்று வரும், கதவைப் பிடுங்குகிற காற்று.
அப்போது தண்ணீர் இல்லை.
கார்த்திகையில் தண்ணீர் முட்டி நிற்கும்.
அப்போது காற்று இல்லை.
இரண்டும் சேர்ந்து ஒரே ஒரு ராத்திரி வந்தது,
எங்கேயோ புயல் கரை கடந்த ராத்திரி.
அலை அடித்தது.
நிஜமாகவே அடித்தது, படியில் நுரையோடு.
கரை உடையுமோ என்று அவன்
மண்வெட்டியும் டார்ச்சுமாய் ஓடினான்.
கீழே நாலு ஊர் வயல், பொதி கட்டிய நெல்.
நான் படியில் உட்கார்ந்து
காலை நீட்டிக்கொண்டிருந்தேன்.
சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

போன தையில் பொதுப்பணித்துறை ஆட்கள் வந்தார்கள்.
டேப் பிடித்தார்கள். டீ குடித்தார்கள்.
கதவைத் தட்டிப்பார்த்து 'தேக்கா?' என்றார்கள்.
வாசல் சுவரில் சிவப்புப் பெயிண்டால்
17 என்று எழுதி வட்டம் போட்டார்கள்.
மற்ற பதினாறு வீடு எங்கே என்றேன்.
கண்ணுக்கு எட்டியவரை
நாரையும் கருவேலமும் அழகர்மலையும்தான்.
'லிஸ்ட்ல இருக்கும்மா' என்றார் ஒருவர்,
போகும்போது அரைக் கிலோ கெண்டை வாங்கிக்கொண்டு.
காசு கொடுத்துத்தான்.

இது ஈரம் குடிக்கிற சுவர்.
தண்ணீர் வற்ற வற்ற
வெள்ளையாய்ப் பொரிந்து வெளியே வரும்.
ஒருநாள் விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன்.
உப்பு.
கசப்பு கலந்தது, கடலுடையது இல்லை,
ஆனாலும் உப்பு.
பவுல்தாஸுக்குச் சொல்ல
மடைக்கல்மேல் ஏறினேன், அங்கேதான் டவர்.
அவன் குரலுக்குப் பின்னால் அதே இரைச்சல்.
என்ன சொல்வதென்று தெரியாமல்
அங்க மழை உண்டா என்று கேட்டு வைத்துவிட்டேன்.

பங்குனி முடிவதற்குள் அந்த ஒன்று
உப்பு அரித்து உதிர்ந்தது, வட்டத்தில் பாதியும்.
ஏழு மட்டும் நிற்கிறது.
திரும்ப எழுத வருவார்கள் என்கிறான் ஆண்டிச்சாமி.
வரட்டும், டீத்தூள் இருக்கிறது.

வாழைமரக் கதவு திறந்தே கிடக்கிறது.
ஆடுகளுக்கு நடுவில் ஒரு உள்ளான்
இல்லாத அலைக்குப் பயந்து
ஓடுகிறது, நிற்கிறது, திரும்ப ஓடுகிறது.
அடுப்பில் குழம்பு கொதிக்கிறது.
உப்புப் போட்டேனா இல்லையா,
நினைவில்லை.