கோடு விலகிய நட்டு

ஆனிக் காற்று வடக்கன்குளத்தைப் பிடித்து
உலுக்குகிற ஞாயிற்றுக்கிழமை.
முதல் பூசை முடிந்து ஆட்கள் திரும்புகிறார்கள்
வேட்டியை ஒரு கையாலும்
கறிப் பையை மறு கையாலும் பிடித்துக்கொண்டு.
நான் சாக்கு விரித்து
வண்டிக்கு முன்னால் குத்தவைத்திருக்கிறேன்.

எனக்குக் காற்றாலையில் வேலை.
எண்பது மீட்டர் ஏறி
உள்ளங்கை அகல நட்டுகளை முறுக்கிவிட்டு
நட்டின் மேலும் அது உட்கார்ந்த இரும்பின் மேலும்
சேர்த்திழுப்பேன் ஒரு கோடு,
மஞ்சள் பெயிண்ட் பேனாவால்.
அடுத்த முறை ஏறும்போது
கோடு நேராக இருந்தால் இறங்கிவிடலாம்.
மயிரளவு விலகினாலும்
நட்டு நடந்திருக்கிறது என்று அர்த்தம்.
காற்று பொய் சொல்லும், நட்டு சொல்லாது என்பார்
சூப்பர்வைசர் தாவீதுராஜ்.
அவர் சொல்வதிலும் பாதி பொய்தான்.

அந்தப் பேனாவில் ஒன்று
சட்டைப்பையோடு வீட்டுக்கு வந்துவிட்டது.
என் வண்டியில் இருபத்தேழு கோடுகள்.
'மரை கழண்ட பய' என்கிறான்
எதிர்வீட்டு அந்தோணிமிக்கேல்.
அவன் வண்டியின் நம்பர் பிளேட்
காவல்கிணறு பாலத்தில் எங்கோ கிடக்கிறது.

குவாரி லாரிகள் குதறிப்போட்ட ரோட்டில்
வாரம் ஒருமுறை பார்க்காவிட்டால்
வண்டி என்பது கொஞ்சம் கொஞ்சமாக உதிரும் பொருள்.
சைலன்சர் போல்ட்டு, சரி.
எஞ்சினைத் தாங்கும் மூன்றும் சரி.
ஃபுட்ரெஸ்ட்டில் ஒன்று கால் சுற்று தளர்ந்திருந்தது,
சவம், எப்போதும் அதுதான்.
பின்னச்சு நட்டு சரி.

மண்ணெண்ணெய் துணியால் செயினைத் துடைத்தேன்.
துணி சிவந்தது.

எங்கள் பக்கத்து மண் வெளிறினது.
இது தேரி மண்.
குட்டம் தாண்டி உவரிப் பக்கம் போனால்
காலில் ஒட்டிக்கொண்டு கூடவே வருமே, அது.
நான் அங்கே போய் ஒரு வருஷம் இருக்கும்.
இந்த வாரம் முழுக்க கம்பெனி ஜீப்பில்தான் போனேன்.

நோட்டை எடுத்துக் கிலோமீட்டரைப் பார்த்தேன்.
அறுபத்திரண்டு கூட.

மச்சினன் செல்வின் எடுத்திருப்பான் என்று
வாய் வரை வந்த வசவோடு எழுந்தவன்
வலது கண்ணாடியைப் பார்த்தேன்.
கோடு இரண்டாக நின்றது,
பாதி தண்டில், பாதி நட்டில்,
நடுவே ஒரு விரற்கடை.
நட்டின் முனையில் ஸ்பேனர் பட்ட தடமில்லை,
குறடு கடித்த தடம்.
அசைத்துப் பார்த்தேன்.
நான் வைக்கும் இறுக்கத்தைவிடக் கெட்டி.

சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.
கண்ணாடியில் ரோடு தெரியவில்லை.
என் சட்டையின் இரண்டாவது பொத்தான் தெரிந்தது.
செல்வின் ஆறடி.
இந்தக் கண்ணாடி என் தோளுயரத்துக்கு
இருக்கிற ஒருவருக்கானது.

அப்படியே உட்கார்ந்திருந்தேன்.
அறுபத்திரண்டு கிலோமீட்டர்.
அவள் முந்தானையை எங்கே செருகியிருப்பாள்.
தேரியில் சக்கரம் புதைந்தபோது
யாரைக் கூப்பிட்டிருப்பாள், அல்லது கூப்பிடவில்லையா.
கடலைப் பார்த்தாளா.
அந்தக் காற்றில், சைடு ஸ்டாண்டில், வண்டி எப்படி நின்றது.

ஜெபக்கனி காப்பி கொண்டுவந்தாள்.
நுரையைக் காற்று தட்டிக்கொண்டு போனது.
என்னைப் பார்க்கவில்லை, துணியைப் பார்த்தாள்,
துணியின் சிவப்பைப் பார்த்தாள்.
பிறகு,
'கிளச்சுதான் ரொம்ப இறுக்கமா கெடக்கு.
வெரலு வலிக்கி.'

பத்தாம் நம்பரை எடுத்து
அரைச் சுற்று தளர்த்தினேன்.
அவள் பிடித்துப் பார்த்தாள்.
'இன்னுங் கொஞ்சம்.'
இன்னும் கொஞ்சம் தளர்த்தினேன்.

கண்ணாடி அதன் இடத்திலேயே இருந்தது.
பழைய கோட்டை அழிக்காமல்
அதன் பக்கத்தில் புதிதாக ஒன்று போட்டேன்.
இருபத்தெட்டு.

'இந்த நட்டுக்கு எத்தனாம் நம்பரு?'
'பதினாலு.'
'எங்க வச்சிருக்கிய?'
'சீட்டுக்கு அடியில, பையில.
குறட்டால திருகாத, முனை போயிரும்.'

அவள் தலையாட்டியதா, காற்றா, தெரியவில்லை.
காப்பி ஆறிவிட்டிருந்தது.