தொண்ணூறு விநாடி

மங்கு என்று பேர் வைத்தவர்
குறும்புக்காரராக இருக்கவேண்டும்.
எல்லாம் மங்குகிறது:
ஜீப்ரா கோடு, வேகத்தடையின் மஞ்சள்,
என் தோள்பட்டையில் தைத்த எண்.
இது ஒன்றுதான் மங்கவில்லை,
இரண்டு கன்னத்திலும்,
மேலுதட்டின் மேல் மெலிசாக
மீசை மாதிரியும்.

நெல்லித்தோப்பு சிக்னல். ஆறு வருஷம்.
சிவப்புத் தொப்பி அழகுதான்,
டூரிஸ்டுகள் படம் எடுக்கிறார்கள்.
அதன் முனை நெற்றியோடு நின்றுவிடுகிறது.
நெற்றி இன்னும் கல்யாணப் பெண்ணின் நெற்றி.
அதற்குக் கீழே வெயிலின் ஆட்சி.

ஏட்டு கலியமூர்த்தி சொன்னார்:
'மங்கு சனி உனக்கு ராசியில உக்காரல, அஞ்சலாட்சி,
நேரா மூஞ்சிலயே உக்காந்துட்டான்.'
சிரித்தேன்.
ஆனாலும் நாத்தனாரோடு காரைக்கால் பஸ் ஏறி
திருநள்ளாற்றில் எள் விளக்கு போட்டேன்.
குளத்தில் முங்கி எழுந்தால்
பக்கத்தில் எழுந்தவளுக்கும் அதே கன்னம், அதே பழுப்பு.
அவள் முந்தானையால் அழுத்தித் துடைத்தாள்,
வராது என்று தெரிந்தே.

ஜாதிக்காயைப் பாலில் உரசிப் பூசினேன்.
எரிந்தது. எரிந்த இடம் கூடுதலாய்க் கறுத்தது.
பிறகு அந்த ட்யூப்.
மெடிக்கலில் சீட்டு எதுவும் கேட்கவில்லை.
மூன்று வாரம் நான் எனக்கே புதுசு.
அபராதம் எழுதும்போதுகூட
பைக்கின் பக்கக் கண்ணாடியில் ஒருதரம் பார்த்துக்கொள்வேன்.
நாலாம் மாதம்
தோல் தக்காளித் தோலாய் மெலிந்து
சிவப்பு நரம்பு ஓடியது. பூனைமுடி முளைத்தது.
நிறுத்தினதும்
மங்கு வட்டியோடு திரும்பி வந்தது.

ஜிப்மர், தோல் பிரிவு, டோக்கன் நூற்றுப் பதினேழு.
டாக்டர் ஷாகிரா விளக்கை அணைத்து
நீல வெளிச்சம் ஒன்றைக் கன்னத்தில் பிடித்தார்.
என் முகம் எனக்குத் தெரியவில்லை,
அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
பரீட்சைத்தாள் திருத்துகிறவர் முகம்.
'கர்ப்பத்துல வந்துதா?'
ரெண்டாவது பையனுக்கு, ஏழாம் மாசம்.
'அம்மாவுக்கு?'
இருந்தது. போட்டோவில் நிழல் என்று நினைத்திருந்தேன்.
'கருத்தடை மாத்திரை?'
அதற்கப்புறம், இரண்டு வருஷம்.
'வேலை?'
மடியிலிருந்து தொப்பியை எடுத்துக் காட்டினேன்.
பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

கொஞ்சம் மேலாக, கொஞ்சம் ஆழத்தில், என்றார்.
மேலே இருப்பது போகும்.
ஆழத்தில் இருப்பது பதுங்கும்,
வெயிலைக் கண்டால் எட்டிப்பார்க்கும்.
'குணமாயிடும்னு சொல்லமாட்டேன்.
கட்டுப்பாட்டுல வைக்கலாம்.'
நாங்களும் ரிப்போர்ட்டில்
அப்படித்தான் எழுதுவோம்.

இரவுக்கு ஒரு களிம்பு, மூன்று மாதம்;
அதற்குமேல் என்னைக் கேட்காமல் ஒருநாள்கூடப் போடாதே.
பகலுக்கு வெயில் க்ரீம், இரண்டு விரல் நீளம்,
மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை.
'முடிஞ்சவரைக்கும் நிழல்ல' என்று ஆரம்பித்து
தொப்பியைப் பார்த்து
நிறுத்திக்கொண்டார்.

பதினொன்றரைக்குச் சிவப்பு விழுகிறது.
தொண்ணூறு.
சட்டைப்பையில், பேனாவுக்குப் பக்கத்தில், ட்யூப்.
இரண்டு விரல். கன்னம், மூக்கு, மறுகன்னம்.
கடலூர் பஸ், ஒரு டெம்போ, நாற்பது ஸ்கூட்டர்
என் முகத்தையே பார்த்து நிற்கின்றன.
அறுபத்தொன்று. அறுபது.
முன்வரிசையில் ஒருத்தி,
துப்பட்டாவைச் சுற்றி, கண்ணை மட்டும் வெளியே விட்டவள்,
தன் காதோரத்தைத் தொட்டுக் காட்டுகிறாள்:
அங்கே விட்டுப்போச்சு.
தடவிக்கொண்டேன்.
இன்னும், என்கிறது அவள் விரல்.
இன்னும் கொஞ்சம்.
பன்னிரண்டு. பதினொன்று.
அவள் ஹாரன் அடிக்கவில்லை, அவளுக்குப் பின்னால் எல்லோரும் அடிக்கிறார்கள்.

பச்சை.
விசிலை வாயில் வைத்தால்
மேலுதட்டுப் பூச்சு மட்டும் அதோடு போய்விடுகிறது.
இதை டாக்டரிடம் கேட்க மறந்துவிட்டேன்.
அடுத்த டோக்கன் பதினெட்டாம் தேதி.