பன்னிரண்டு மில்லிமீட்டர்

ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடி, பதினான்காவது மாடி.
கட்டிலில் பழைய பேப்பர் விரித்து
செருப்புகளை அடுக்கி வைத்திருக்கிறேன்.
மெத்தைமேல் சப்பாத்தா என்று கேட்க
வீட்டில் ஆளில்லை.

நாளை மறுநாள் நாலு மணிக்குக் கப்பல்.
மூன்று இரவு. பூக்கெட், லங்காவி, மறுபடி பினாங்கு.
புனிதவல்லி பட்டியல் அனுப்பியிருக்கிறாள்:
மேல்தளத்தில் நடக்க ஒன்று, குளத்துக்கு ஒன்று,
மணலுக்கு ஒன்று,
கேப்டன் விருந்துக்கு ஹீல்ஸ்,
"எல்லாரும் போடுறோம்டி."
எல்லாரும் என்றால் மூன்று பேர்.
பாயான் லெப்பாஸ் ஆலையில் ஒரே லைனில்
ஒரே வெள்ளைச் சப்பாத்தில்
பதினோரு வருஷம் நின்றவர்கள்.

முதலில் கறுப்பு ஹீல்ஸ்.
கொம்தாரில் மலிவு விற்பனையில் வாங்கியது, மூன்று அங்குலம்.
தம்பி கல்யாணத்துக்கு ஒரு நாள்,
ஆலை விருந்துக்கு அரை நாள்.
அடியில் விலைச்சீட்டின் பசை இன்னும் பிசுபிசுக்கிறது.
போடாமல் கிடந்தால் இந்த ஊர்ப் புழுக்கத்தில்
எந்தச் செருப்பும் உதிர்ந்துவிடும்.
மாதம் ஒருமுறை எடுத்துத் துடைத்து வைக்கிறேன்.
ஏன் என்று கேட்டால் தெரியாது.

அடுத்தது சிவப்புப் பட்டைச் செருப்பு.
கட்டைவிரல் கவ்வ வேண்டிய ஜாதி.
என் இடது கால் கவ்வாது.

சரி, சொல்லிவிடுகிறேன்.
இடது கால், முட்டிக்குக் கீழே, கார்பனும் திருகாணியும்.
ஆறு வருஷமாகச் சொல்லிச் சொல்லி
கதை மூன்று சொல்லில் வந்து நிற்கிறது:
நெடுஞ்சாலை. மழை. லாரி.

கால் செய்து கொடுத்த மிஸ்டர் கோ
சின்னச் சாவியால் கணுக்காலைத் திருகிக்கொண்டே
"எந்தச் சப்பாத்து போடுவே?" என்றார்.
அன்று நான் கொண்டுபோயிருந்தது
பாசார் மாலாமில் முப்பது ரிங்கிட்டுக்கு வாங்கிய சாம்பல் நிறச் சப்பாத்து.
குதி உயரம் பன்னிரண்டு மில்லிமீட்டர்.
"இனிமே இதுதான் உன் உயரம்."
நானும் தலையாட்டிவிட்டேன்,
ஏதோ பாரத்தில் கையெழுத்துக் கேட்ட மாதிரி.
கூடினால் உடம்பு முன்னால் விழும்,
குறைந்தால் பின்னால் சாயும்.
அன்றிலிருந்து செருப்புக் கடைக்கு நான் போவது
பள்ளிக்கூட அடிக்கோலோடு.

அப்படியானால் சுலபம்தானே.
மேல்தளத்துக்குச் சாம்பல்.
விருந்துக்கும் சாம்பல்.
பட்டுப்புடவைக் கொசுவத்தை ஒரு விரல் இறக்கிக் கட்டினால்
யாருக்குத் தெரியப்போகிறது?
எனக்குத் தெரியும்.
அதனால்தான் பதினொன்றரை மணிக்கும்
பேப்பரைச் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

மணலுக்கு?
உப்புத்தண்ணி அந்தக் காலுக்கு ஆகாது.
அறையில் கழற்றிச் சாய்த்துவிட்டு
ஊன்றுகோலோடு இறங்கவேண்டும்.
ஒரு சிலிப்பர் போதும்.
வலது.

போன் அடிக்கிறது.
"மலரு, என் பேக் மூடமாட்டேங்குது.
எட்டு ஜோடி வச்சிருக்கேன்,
அப்பவும் விருந்துக்குச் சரியா ஒண்ணும் இல்ல.
உனக்குத்தான் பாதி இடம் மிச்சமாச்சே,
ரெண்டு ஜோடி உன்கிட்டத் தள்ளவா?"

சொல்லிவிட்டு அவளே மூச்சை நிறுத்துவது கேட்கிறது.
இந்த ஆறு வருஷத்தில்
இப்படி ஒரு வார்த்தை யாரும் என்னிடம் பேசவில்லை.
எல்லாரும் என்னைச் சுற்றிக்
குரலைக் கழற்றிவிட்டு நடப்பார்கள்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன்,
சிவப்புச் செருப்புமேல்.
பிறகு அவளும்.

"உனக்கு என்ன சைஸ்?" என்றேன்.
"ஆறு. ஏன்?"
"சும்மா."

கறுப்பு ஹீல்ஸைத் துண்டில் சுற்றினேன்.
பை அடியில் அது, மேலே புடவை,
ஓரத்தில் வலது சிலிப்பர்.
சாம்பல் சப்பாத்து வாசலில், காலோடு வரும்.

அந்த ஹீல்ஸில் ஒரு கோளாறு,
இடது சுண்டுவிரல் ஓரத்தில் கடிக்கும்.
சில ராத்திரி எனக்கு இன்னும் கடிக்கிறது.

நாளைக்கு மருந்துக்கடைக்குப் போகணும்.
புனிதவல்லிக்கு
ஒட்டுப் பிளாஸ்திரி வாங்கவேண்டும்.