பதினேழாம் எண் குழாய்

காலை ஐந்தே முக்காலுக்குச்
சைதாப்பேட்டை மார்க்கெட்டில்
கோழி நெஞ்சு இருநூறு கிராம் கேட்பேன்.
தோல் வேண்டாம், எலும்பு வேண்டாம், கழுவவும் வேண்டாம்.
"சமைக்கத் தெரியாதவங்கதான் இப்படி வாங்குவாங்க"
என்பார் இத்ரீஸ் பாய்.
நான் சமைப்பதில்லை.
ஐஸ் பெட்டியில் வைத்துத் தரமணிக்குக் கொண்டுபோய்
அரைப்பேன், அமிலம் விட்டுச் சுழற்றுவேன்.
மேலே தெளிந்த நீரில்
கார்னோசின் இருக்கும்.

இரண்டே அமினோ அமிலம்,
நடுவே ஒற்றைத் தையல்.
நூறு நூறாய் மணி கோத்த புரதங்களின் பக்கத்தில்
அறுந்து விழுந்த நூல்துண்டு போலத்தான் தெரியும்.
இறைச்சிச் சாற்றில் கண்டெடுத்தவர்கள்
இறைச்சியின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

நான் முட்டைகூடத் தொடாத வீட்டில் வளர்ந்தவள்.
ஆனாலும் நேற்று,
நிறுத்தம் தாண்டிப் போய் நின்ற பேருந்தைத்
துரத்திக்கொண்டு ஓடினேனே,
தொடையில் அமிலம் ஏறி எரியச்
சற்றே தாமதமானதே,
அந்தத் தாமதம் இது கொடுத்தது.
பருப்பிலிருந்தும் மோரிலிருந்தும்
உடம்பு தானே தைத்து வைத்திருக்கிறது
வீட்டுக்குத் தெரியாமல்.

டீக்கடைக் கண்ணாடிக்குள்
பன்னின் தலை பழுப்பாய் இருக்கும், பார்த்திருப்பீர்கள்.
சர்க்கரையும் புரதமும் சூட்டில் ஒட்டிக்கொண்ட நிறம்.
நமக்குள்ளும் ஓர் அடுப்பு,
முப்பத்தேழு டிகிரி, அணைப்பதே இல்லை.
கண்ணின் வில்லை, சிறுநீரகத்தின் சல்லடை,
பாதத்து நரம்பு,
வருடக் கணக்கில் மெல்ல மெல்லப் பழுப்பேறுகின்றன.
கார்னோசின் குறுக்கே போய் நிற்கும்.
அதை விடு, என்மேல் ஒட்டு என்று கை நீட்டும்.
கண்ணாடிக் குழாய்க்குள் நானே பார்த்திருக்கிறேன்.

எலிகளிடமும் பலித்தது.
ஆனால் எலியின் ரத்தத்தில் கத்தரி கிடையாது.
நமக்கு உண்டு, கார்னோசினேஸ் என்று பெயர்.
விழுங்கியது ரத்தத்துக்கு வந்ததும்
அந்த ஒற்றைத் தையலைத்தான் வெட்டும்.
சில நிமிடம் போதும்.

பதினேழாம் எண் குழாய் துரைக்கண்ணுவுடையது.
எண் மட்டும்தான் தெரிய வேண்டும், பெயர் கூடாது, விதி.
ஊசி குத்தும்போது அவராகவே சொன்னார்.
காசிமேட்டில் ஐஸ் உடைப்பவர்,
பதினாறு வருடச் சர்க்கரை,
இடது காலில் கட்டைவிரல் இல்லை.
"இதுல இன்னாதான் பாக்குறீங்கோ மேடம்?"
கத்தரி எத்தனை வேகம் என்று பார்க்கிறோம் என்றேன்.
"அத்த நிறுத்த மாத்திர கீதா?"
இல்லை.
"செரி, அந்த மருந்தயே நெறய சாப்ட்டா?"

சின்னச் சின்ன ஆய்வுகள்,
பன்னிரண்டு வாரம், சர்க்கரை கொஞ்சம் இறங்கியது,
பெரிய அளவில் இன்னும் யாரும்...
இவையெல்லாம் நாக்கு நுனிவரை வந்தன.
"தெரியாது" என்றேன்.
பஞ்சை அழுத்திக்கொண்டே சிரித்தார்.
"எந்த டாக்டரும் இந்த வார்த்தய சொன்னதில்ல."
நான் டாக்டர் இல்லை என்பதையும்
சொல்ல வேண்டியதாயிற்று.

மாலை. மேலே பறக்கும் ரயில் போகிறது,
மேசை லேசாக அதிர்கிறது.
திரையில் ஏழாம் நிமிடத்தில்
ஒரு மலை எழ வேண்டும்.
பதினேழில் எழுந்தது ஓர் எறும்புப் புற்று.
அரை மணிக்கு முன் நானே அளந்து விட்ட கார்னோசின்,
வெட்டுண்டு
இரண்டும் தனித்தனியாய்க் கிடக்கிறது.
அவருடைய கத்தரி படுவேகம்.
கட்டத்தில் எண்ணை எழுதினேன்,
அடித்துவிட்டு மறுபடி ஓட்டினேன்,
அதே எண்.

அடுத்த செவ்வாய் வருவார்.
வஞ்சிரம் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்,
நல்ல துண்டாய், ஐஸ் போட்டு.
சாப்பிட மாட்டேன் என்று
இன்னும் சொல்லவில்லை.