எலும்பு வாங்குகிறவன்

கிலோவுக்கு நான்கு பிர் கொடுக்கிறேன்.
கழுதை வண்டி; அதன் பின்னால் ஊர் நாய்கள் அத்தனையும்.
ஸ்வாய் ஏரிக்குத் தெற்கே
தமேனா என்ற என் பெயர் யாருக்கும் நினைவில்லை.
"எலும்பு வந்துவிட்டது" என்கிறார்கள்.

இருநூறடி ஆழத்தில் தண்ணீர் பீறிட்ட அன்று
நானும்தான் கைதட்டினேன்.
கண்ணாடித் தெளிவு. லேசான வெதுவெதுப்பு.
கறையில்லை, வாடையில்லை.
எரிமலைப் பாறையின் இடுக்குகளில்
யாரும் பிறக்காத காலம் தொட்டு ஊறிய ஃபுளோரைடையும்
சேர்த்தே குடித்தோம்.
பூமி எங்களுக்குத் தண்ணீர் காட்டியது,
அந்தச் சொல்லின் இரண்டு பொருளிலும்.

லெலிசே பயந்து கொதிக்கவைத்தாள்,
பானை பாதியாய் வற்றும்வரை.
கிருமி செத்தது.
ஆவியாய்ப் போனது தண்ணீர் மட்டும்.
மற்றது, மிஞ்சிய பாதியில்
முழுதாய் உட்கார்ந்திருந்தது.

அவள் கணவனுக்குக் கழுத்து திரும்பாது.
கூப்பிட்டால், வண்டியைத் திருப்புவதுபோல்
மொத்த உடம்பையும் திருப்பித்தான் பார்ப்பான்.
மகள் அயான்டு உள்ளங்கையை வாயில் வைத்துத்தான் சிரிப்பாள்.
பள்ளிக்கூடப் படத்தில் முப்பத்தொரு பிள்ளைகள்,
ஒரு பல் கூட இல்லை.

சூளை என் தம்பியுடையது.
காற்றை அடைத்து, நெருப்பை அடக்கி வேகவைக்க வேண்டும்.
வெள்ளையாய் வந்தால் செத்த கரி, எதையும் பிடிக்காது.
பழுப்பாய் வந்தால் தண்ணீர் நாறும்.
கறுப்புக்கும் சாம்பலுக்கும் நடுவில் ஒரு நிறம்,
அதுதான் பதம்.
பிறகு இடித்து, சலித்து,
குருணையை டிரம்மில் நிரப்புவோம்.

ஃபுளோரைடுக்கு எலும்பின் மேல் தீராத ஆசை.
உயிருள்ளதா, செத்ததா என்று அது பார்ப்பதில்லை.
வழியில் முதலில் எது நிற்கிறதோ
அதைக் கட்டிக்கொள்ளும்.
எனவே செத்ததை முன்னால் நிறுத்துகிறோம்.
இவ்வளவுதான் எங்கள் விஞ்ஞானம்.

இவ்வளவுதான் என்றால் ஊர் விடுமா?
நூரே வீட்டில் கேட்டார்கள்:
அறுத்த மாடா, தானாய் விழுந்ததா?
லெலிசே கேட்டாள்:
மாட்டெலும்பின் வழியாக வந்த தண்ணீர்
விரத நாளில் மாமிசமா?
பாதிரியார் ஞாயிறு முடியட்டும் என்றார்.
எத்தனையோ ஞாயிறு முடிந்தது.
பாஸ்காவுக்கு முந்தைய ஐம்பத்தைந்து நாளும்
மகளுக்கு டிரம் தண்ணீரைக் கொடுத்துவிட்டு
அவள் பழைய குழாயில் குடித்தாள்.
தன் எலும்பால் நோன்பிருந்தாள் என்று
எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

அந்த வருடம் மழை வரவில்லை.
அவளுடைய மகால், பழுப்பு நிற உழவு மாடு,
காய்ந்த வாய்க்காலில் முன்னங்கால் மடித்துப் படுத்தது.
எழுந்திருக்கவில்லை.
சில மாதம் கழித்து ஒரு சாக்கில் கட்டி
அவளே சுமந்து வந்தாள்.
தராசில் முப்பத்தெட்டு கிலோ.
காசை எண்ணினேன். கைநீட்டவில்லை.
"இவனை எந்த டிரம்மில் போடுவீர்கள்?"

சூளையில் எல்லா மாடும் ஒன்றாகத்தான் வேகும்.
அடிவாரத்து ஆடும், அடையாளமில்லாத கழுதையும்கூட.
"பள்ளிக்கூட டிரம்மில்" என்றேன்.

மாதம் ஒருமுறை அங்கே போய்ச் சோதிக்கிறேன்.
ஒரு குழாய்த் தண்ணீரில் சில சொட்டு சிவப்பு மருந்து.
ஃபுளோரைடு இருந்தால் சிவப்பைத் தின்றுவிடும்.
போன வியாழக்கிழமை சிவப்பு அப்படியே நின்றது.
வேலிக்கு வெளியே லெலிசே.
கையில் வெறும் குடம், கண் என் கையில் இருந்த குழாயில்.

"இன்னும் இழுக்கிறானா?"

இழுக்கிறான் என்றேன்.
ஆறு மாதம்தான் தாங்கும் என்பதையும்
அடுத்த டிரம்முக்கு உண்டியலில் காசில்லை என்பதையும்
சொல்லாமல்
கழுதையைத் தட்டினேன்.