மரண அறிவித்தல்

கஸ்தூரியார் வீதி, நகைக்கடைக்கு மேலே
ஒரு மேசை, இரண்டு லப்டொப்,
நானும் டிலக்சியும்.
எங்கள் செய்தித்தளத்துக்குச் சோறு போடுவது
செத்தவர்கள்தான்:
மரண அறிவித்தல், அந்தியேட்டி, ஆண்டுத் திவசம்.

கொட்டடி வாய்க்காலை மூடி
உறுப்பினர் தர்மகுலசிங்கம் மதில் கட்டிய செய்தி
ஆறு நாளாய் வரைவில் கிடந்தது.
இரவு அவரே எடுத்தார்.
வெருட்டத்தான் என்று நினைத்தோம்.
"தங்கச்சி, அம்மா மோசம் போட்டா.
பெரிசாப் போடுங்கோ,
காசு பிரச்சினையில்லை."

போட்டோம்.

விடிய மழை.
பாடை காவினவர்களுக்கு முழங்கால் மட்டும் தண்ணி.
தன் மதிலைப் பிடித்துப் பிடித்து
நடந்து வந்தார் மகன்.
டிலக்சி படமெடுத்தாள்.

'இறுதி ஊர்வலம், கொட்டடி' என்று மட்டும் எழுதி
ஏற்றிவிட்டோம்.
பில் இன்னும் அனுப்பவில்லை.