ஆறு குழல், ஏழு குழல்

கணக்கு டீச்சருக்கு எதற்குக் கலைப்பயிற்சி என்றேன்.
பாட்டுக்கும் படத்துக்கும் வேறு ஆளில்லை,
நீங்கள்தான் என்றார் தலைமையாசிரியர்.
ஐந்து நாள். நாற்பது மணிநேரச் சான்றிதழ்.

ஒருரோவுக்குத் தெற்கே
உப்புப் பூத்த பொலிவியச் சமவெளி.
ஆகஸ்ட் காற்று பள்ளியின் தகரக் கூரையைப்
பிடித்து உலுக்கியபடி இருந்தது.

பயிற்சி தர வந்த சுலேமா வாகா
தாழ்நிலத்துக்காரி.
எங்கள் உயரம் அவளுக்கு ஒத்துவரவில்லை.
நாலு சொல்லுக்குள் மூச்சு தீர்ந்துவிடும்.
"கோடு என்பது" என்று தொடங்கி
நெஞ்சில் கைவைத்து நிற்பாள்.
முப்பது பேனாக்கள் காகிதத்துக்கு மேலே காத்திருக்கும்.
"அதை எங்கே நிறுத்தினோம் என்பதும்தான்."
இதையும் எழுதிக்கொண்டோம்.

நாடகத்துக்கு ஒரு செங்கல் கொண்டுவந்தாள்.
குழந்தை இது, கைமாற்றுங்கள் என்றாள்.
சிரித்துக்கொண்டே கைமாற்றினோம்.
பிரிமிதிவா கோல்கேயிடம் வந்தபோது
அவள் அதன் கழுத்தைத் தாங்கிப் பிடித்தாள்.
செங்கல்லுக்கு ஏது கழுத்து?
அப்புறம் யாருமே அதைத் தரையில் வைக்கவில்லை.
மாலையில் கதவுக்கு முட்டுக்கொடுக்கத் தேடினார் காவலாளி.
அகப்படவில்லை.

நடனத்துக்கு ஒரே கேள்வி:
இப்போது உங்கள் எடை எந்தக் காலில்?
திருவிழாவில் பேய் முகமூடியைச் சுமந்து
விடிய விடியத் தெருவெல்லாம் ஆடியவர்கள் நாங்கள்.
கேள்வி கேட்ட மறுகணம்
ஆளாளுக்குத் தடுமாறிச் சுவரைப் பிடித்தோம்.

நாலாம் நாள் சிகு.
நாணல் குழல்களை நெட்டை குட்டையாய்ச் சேர்த்துக் கட்டியது.
பிறந்ததிலிருந்து கேட்கிறேன்,
ஊதியதில்லை.
ஒரே பாட்டை இரண்டு பேருக்குப் பிளந்து வைத்திருக்கிறார்கள்:
ஒரு சுரம் என்னிடம், அடுத்தது இன்னொருவரிடம்,
அதற்கடுத்தது மறுபடி என்னிடம்.
ஆறு குழல் கொண்டது இரா, முன்னே போவது.
ஏழு குழல் கொண்டது அர்கா, தொடர்ந்து வருவது.
எனக்கு இரா.
அர்காவோடு எதிரில் வந்து நின்றவன்
ஃபோர்த்துனாதோ திகோனா.

வேலைநிறுத்தத்தின் பதினேழாம் நாள்
வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டவன்.
இரண்டு வருடம், மூன்று மாதம்.
நான் கணக்கு டீச்சர்.

முதல் தடவை இருவரும் ஒன்றாக ஊதினோம்.
இரண்டாம் தடவை
நீ ஊது என்று இருவரும் விட்டுக்கொடுத்ததில்
சத்தமே வரவில்லை.
அறை முழுக்கச் சிரிப்பு.
கண்ணைப் பாருங்கள் என்றாள் சுலேமா.
நான் அவன் தோளைப் பார்த்தேன்.
மூச்சிழுக்குமுன் அது கொஞ்சம் எழும்பும்.
அது போதும்.

ஊதுவது கஷ்டமில்லை.
அவன் இடம் வரும்போது வாயை மூடி,
மூடியபடியே எண்ணிக்கொண்டிருப்பதுதான்.
சும்மா இருக்கும் இடத்துக்கும் மதிப்பெண் உண்டு என்று
எந்த வாய்ப்பாட்டிலும் நான் படித்ததில்லை.

இருபது சுரம் வரை போனோம்.
இருபத்தொன்றில் அவனுக்கு இருமல் வந்துவிட்டது.
என் கையில் ஆறு குழல்;
அந்தச் சுரம் எதிலும் இல்லை.
காற்றும் கூரையும் கேட்டன.
அவன் இருமி முடிக்கும்வரை
பாட்டு அங்கேயே, ஒற்றைக் காலில் நின்றது.

கடைசி நாள் ஊதாச் சோளக் கஞ்சி, பொரித்த ரொட்டி.
குழல்களைப் பெட்டியில் திருப்பி வைத்தோம்.
அவன் ஒன்றும் பேசவில்லை, நானும்தான்.
சக ஆசிரியர்களுடன் உறவு மேம்பட்டதா
என்று படிவம் கேட்டது.
இல்லை என்று எழுதினேன்.

திங்கட்கிழமை ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம்.
சுவருக்கு அந்தப் பக்கம் அவன் வரலாறு நடத்துகிறான்.
கரும்பலகையில்
பதின்மூன்றில் ஆறு என்று எழுதி
மீதி எவ்வளவு என்றேன்.
முன்வரிசையில் ஒரு கை சட்டென்று எழுந்தது.
பொறு என்றேன்.
சுவருக்கு அந்தப் பக்கம்
அவன் மூச்சிழுக்கும் இடம் வந்துகொண்டிருந்தது.